கழிவு ஆயில் டேங்க்: ஒழுக்கு, வழிதல், பம்ப் கோளாறு – அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது

ஒர்க்‌ஷாப் தரையில் கறுப்பாக ஆயில் தேங்கினால் எல்லாரும் முதலில் டேங்க்கைத்தான் சந்தேகப்படுவார்கள். 5 மி.மீ. தகட்டில் ஒழுங்காக வெல்டிங் செய்த டேங்க் அவ்வளவு சீக்கிரம் ஓட்டையாகாது. பைப் மரை (திருகுப் புரி), ஹோஸ், வென்ட் (டேங்க்குக்குள் காற்று போய்வரும் குழாய்), மூடாமல் விட்ட வால்வு ஆகிய நான்கில்தான் பெரும்பாலும் குற்றம் இருக்கும். டேங்க்கைப் பிரிக்கும் முன் இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

கீழே வரும் கணக்குகளெல்லாம் ஓர் அமைப்பை மனதில் வைத்துப் போட்டவை. 1.2 மீட்டர் விட்டம், 1.8 மீட்டர் நீளமுள்ள, படுக்கை வசத்தில் வைத்த உருளை டேங்க். சுமார் 2,000 லிட்டர் பிடிக்கும். அடிப்பாகம் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில், தாங்கிகளின் மேல். ஆயிலை ஏற்றுவது கம்ப்ரஸர் காற்றில் ஓடும் டயாஃப்ரம் பம்ப்; உள்ளே ஒரு சவ்வு (டயாஃப்ரம்) முன்னும் பின்னும் அசைந்து ஆயிலைத் தள்ளும். ஏற்றும் லைன் 1½ இன்ச் எம்.எஸ். (சாதா எஃகு) பைப், வென்ட் 2 இன்ச். டேங்க்கைச் சுற்றி உட்புறம் 2.4 மீட்டருக்கு 3 மீட்டர், 40 செ.மீ. உயரத்தில் தடுப்புச் சுவர். உங்கள் அளவு வேறாக இருந்தால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்.

எதையும் கழற்றும் முன் பம்ப்புக்குப் போகும் காற்றை மூடி, லைனில் மிச்சமிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். டேங்க் பக்கத்து வால்வை மூடுங்கள். டேங்க்கிலோ அதோடு சேர்ந்த பைப்பிலோ வெல்டிங், கிரைண்டிங் எதுவும் கூடாது. வண்டியிலிருந்து இறங்கும் எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கும். டேங்க்குக்குள் ஆயிலுக்கு மேலே நிற்பது வெறும் காற்றல்ல, பற்றக்கூடிய ஆவி. வாடை வரவில்லை என்பதற்காக நெருப்பு வைக்கலாம் என்று ஆகாது. வெல்டிங் தேவை என்றால் காலி செய்து, கழுவி, ஆவி நீக்கி, கேஸ் மீட்டரில் அளந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பம்ப் படபடவென்று அடிக்கிறது, ஆயில் ஏறவில்லை

பம்ப் வேகமாக அடிப்பதற்கு, இழுக்க அதற்கு ஆயில் கிடைக்கவில்லை என்று பொருள். உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது பம்ப்புக்குள் வால்வாக வேலை செய்யும் உருண்டை (பால்) அதன் இருக்கையில் உட்காரவில்லை.

முதலில் உறிஞ்சும் ஹோஸ். வண்டியிலிருந்து இறங்கும் ஆயில் 80, 90 டிகிரி சூட்டில் இருக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பி.வி.சி. ஹோஸ் அந்தச் சூட்டில் இளகி, பம்ப் இழுக்கும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும். பம்ப் ஓடும்போது ஹோஸைக் கையால் தொட்டால் தட்டையாகியிருப்பது தெரியும். உள்ளே கம்பிச்சுருள் வைத்த நைட்ரைல் ரப்பர் ஆயில் ஹோஸ் மாட்டினால் இந்தத் தொல்லை தீரும். ஹோஸ் சரியாக இருந்தால் யூனியன், கிளாம்ப் ஒவ்வொன்றின் மேலும் கெட்டியான கிரீஸைத் தடவிப் பாருங்கள். உறிஞ்சும் பக்கத்துக் கசிவில் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். கிரீஸை உள்ளே இழுக்கும் இடமும் பம்ப்பின் சத்தம் மாறும் இடமும்தான் ஓட்டை.

அடுத்தது பம்ப்புக்கு முன்னால் உள்ள வடிகட்டி, அதாவது ஸ்ட்ரெய்னர். டிரெயின் பிளக் வாஷர், பனியன் கழிவு நூல், ஃபில்டர் பிளாஸ்டிக் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஸ்ட்ரெய்னரே இல்லையென்றால் அந்த வாஷர் பம்ப்புக்குள் பாலுக்கும் இருக்கைக்கும் நடுவில் கிடக்கும். மேனிஃபோல்டின் போல்ட்டுகளைக் கழற்றினால் நான்கு பாலையும் எடுத்துத் துடைத்துவிடலாம்.

பம்ப்பின் காற்று வெளியேறும் சைலன்சரில் ஆயில் தெறிக்கிறது

டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. வேறு காரணம் தேட வேண்டாம், உடனே காற்றை மூடுங்கள். ஓடவிட்டால் ஆயில் காற்று வால்வுக்குள்ளும் புகும்.

டயாஃப்ரம் கிட் (உதிரிபாகத் தொகுப்பு) மாற்றும்போது ரப்பர் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆயிலுக்கு நைட்ரைல் அல்லது டெஃப்லான். கறுப்பாகப் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஈ.பி.டி.எம். ரப்பர் ஆயிலில் ஊறி உப்பிவிடும்; மாட்டிய சில நாளிலேயே மறுபடி கிழியும். பிரேக் ஃபுளூயிட் விஷயத்தில் இது தலைகீழ்: அது நைட்ரைலைக் கெடுக்கும். பிரேக் ஃபுளூயிடை இந்த டேங்க்கில் ஊற்றக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பம்ப் திணறித் திணறி நிற்கிறது

டெலிவரி வால்வு மூடியிருக்கிறதா, கியர் ஆயில் மட்டும் ஏற்றுகிறீர்களா, ஊட்டி மாதிரிக் குளிர்ந்த ஊரில் காலை முதல் வேலையாக ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். கெட்டி ஆயில் மெதுவாகத்தான் ஏறும். இவை இல்லையென்றால் சைலன்சரைக் கழற்றி ஓட்டுங்கள். நன்றாக ஓடினால் உள்ளே பனி உறைந்திருக்கிறது. கம்ப்ரஸர் காற்றில் வரும் ஈரம், வெளியேறும் இடத்தில் திடீரென்று குளிர்ந்து கட்டியாகிறது. ஏர் டேங்க்கில் நிற்கும் தண்ணீரைத் தினமும் வடித்தால் போதும்.

ஓடவில்லை என்றதும் ரெகுலேட்டரை 7 பாருக்குத் திருப்பும் பழக்கம் ஆபத்தானது. இந்த வகைப் பம்ப், கொடுக்கும் காற்றழுத்தத்தையே ஆயிலிலும் கொடுக்கும். 3 மீட்டர் உயரத்துக்கு ஆயிலை ஏற்ற வேண்டிய அழுத்தம் வெறும் 0.26 பார், பைப் உராய்வையும் சேர்த்து 2 முதல் 3 பார் தாராளம். மீதி அழுத்தம் ஹோஸ் கிளாம்ப்பைக் கழற்றத்தான் பயன்படும்.

காலையில் உலர்ந்திருக்கும் மரை, மதியம் வேர்க்கிறது

டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி இறுக்கியும் நிற்கவில்லையா? மரையில் குற்றமில்லாமல் இருக்கலாம். பம்ப்புக்குள் இருக்கும் பால் ஆயிலைப் பின்னால் விடாது. டேங்க் பக்கத்து வால்வையும் மூடிவிட்டால் நடுவில் உள்ள பைப்பில் ஆயில் சிறைப்படும். வெயிலில் பைப் சூடாகும்போது ஆயில் விரியும், எஃகு அந்த அளவுக்கு விரியாது. முழுக்க நிரம்பி அடைபட்ட லைனில் ஒரு டிகிரி கூடினாலே அழுத்தம் பல பார் ஏறும். காலைக்கும் மதியத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் வந்தால் எந்த மரையும் தாங்காது.

சோதிப்பது எளிது. ஒரு நாள் டேங்க் பக்கத்து வால்வைத் திறந்தே வைத்துப் பாருங்கள். வேர்வை நின்றால் காரணம் இதுதான். நிரந்தரத் தீர்வு, அந்த வால்வைச் சுற்றி ¼ இன்ச் லைனில் 5 பாருக்கு வைத்த சின்ன ரிலீஃப் வால்வு (அழுத்தம் மீறினால் தானாகத் திறப்பது). வெளிவாய் டேங்க்குக்குள் போக வேண்டும்.

வால்வு திறந்திருந்தும் கசிந்தால் மரை வேலைதான் சரியில்லை. ஆயில் லைனில் டெஃப்லான் டேப்பைவிட மரைக்குப் பூசும் ஆயில் தாங்கும் பசை நன்றாக நிற்கும். பழைய டேப்பைக் கம்பி பிரஷ்ஷால் முழுக்க எடுத்து, பெட்ரோல் இல்லாத கிளீனரால் துடைத்து, காயவிட்டுப் பூசுங்கள். பி.வி.சி. பைப் போட்டிருந்தால் ஒட்டிப் பயனில்லை, எம்.எஸ். பைப்புக்கு மாற்றுங்கள். சூட்டில் தொய்யும், வெயிலில் நொறுங்கும், தீ பிடித்தால் முதலில் அறுந்து டேங்க்கையே காலி செய்துவிடும்.

வென்ட் பைப்பிலிருந்து ஆயில் வழிகிறது

கொஞ்சமாகத் தெறிக்கிறதா, ஒழுகிக்கொண்டே இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

சக்கர டிரெய்னரைக் காற்றழுத்தம் கொடுத்துக் காலி செய்யும்போது கடைசியில் மட்டும் தெறித்தால், ஆயில் தீர்ந்தபின் வெறும் காற்று டேங்க்குக்குள் பாய்கிறது. அது ஆயிலை நுரைக்க வைத்து வென்ட் வழியாகத் தள்ளும். ஹோஸ் உதறும் நொடியில் வால்வை மூட வேண்டும்.

தொடர்ந்து ஒழுகினால் டேங்க் நிரம்பிவிட்டது. படுக்கை உருளையில் உயரமும் கொள்ளளவும் ஒன்றுக்கொன்று நேராக ஏறாது. டிப் ஸ்டிக் கால் உயரம் காட்டும்போது உள்ளே இருப்பது 19.6 சதவீதம்தான், உயரம் 90 சதவீதம் என்றால் உள்ளே ஏறக்குறைய 95 சதவீதம் வந்துவிட்டது. 2,000 லிட்டர் டேங்க்கில் மிச்ச இடம் 100 லிட்டர் சொச்சம். 1 இன்ச் டயாஃப்ரம் பம்ப் அதை ஒரு நிமிடத்தில் நிரப்பிவிடும். பையன் வால்வைத் திறந்துவிட்டு ஸ்பேனர் எடுக்கப் போய் வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இங்கே பலர் கவனிக்காத இன்னோர் ஆபத்து இருக்கிறது. வழியாமல் இருக்கட்டும் என்று வென்ட் பைப்பை 3 மீட்டர் உயர்த்திக் கட்டுகிறார்கள். டேங்க் நிரம்பி அந்தப் பைப்பும் நிரம்பினால், 3 மீட்டர் ஆயிலின் அழுத்தம், அதாவது 0.26 பார், டேங்க்கின் எல்லாப் பக்கமும் கூடுதலாக ஏறும். எண்ணாகப் பார்த்தால் அற்பம். 1.2 மீட்டர் விட்டமுள்ள தட்டையான முனைத்தகட்டின் பரப்பு 1.13 சதுர மீட்டர். அதன்மேல் விழும் தள்ளுவிசை ஏறக்குறைய 3 டன். முனைத்தகடு வெளியே புடைத்து, ஓரத்து வெல்டிங்கில் மயிரிழை விரிசல் விழும். "நிரம்பி வழிந்த நாளிலிருந்து டேங்க் ஒழுகுகிறது" என்று சொல்லப்படும் கதைகள் பலவற்றுக்கு இதுதான் மூலம். வென்ட் டேங்க்கின் மேலேயே குட்டையாக நின்று, வாய் கீழ்நோக்கி வளைந்து, தடுப்புச் சுவருக்குள் திறக்கட்டும். டேங்க் திறந்த வெளியில் இருந்தால் இது சரியான அமைப்பு. கட்டடத்துக்குள் இருந்தால் ஆவி வெளியே போகத் தனி வென்ட்டை வெளிச்சுவருக்குக் கொண்டுபோய், அதைவிடத் தாழ்வாக 2 இன்ச்சில் ஓவர்ஃபுளோ பைப் ஒன்றைத் தடுப்புச் சுவருக்குள் இறக்குங்கள்.

வழிதலைத் தடுப்பதற்கு ஆளை நம்பாதீர்கள். 90 சதவீத உயரத்தில் மிதவை வைத்து, அது எழும்போது பம்ப்பின் காற்றையே மூடிவிடும் வால்வு கிடைக்கிறது. கரண்ட் வேண்டாம், தீப்பொறிப் பயமும் இல்லை. மாதம் ஒரு முறை மிதவையைக் கையால் தூக்கி பம்ப் நிற்கிறதா என்று பாருங்கள். சேறு ஒட்டினால் மிதவை கீழேயே தங்கிவிடும். டயல் கேஜ்ஜிலும் இதே கோளாறு வரும். எப்போதும் ஒரே அளவு காட்டும் கேஜ்ஜை விட்டுவிட்டு டிப் ஸ்டிக்கை நம்புங்கள். பக்கவாட்டில் கண்ணாடிக் குழாய் வைத்திருந்தால் அதன் அடி வால்வு, அளவு பார்க்கும் நேரம் தவிர மூடியே இருக்க வேண்டும். அந்தக் குழாய் உடைந்தால் டேங்க் முழுவதும் அதன் வழியே இறங்கும்.

லாரி இழுக்கும்போது டேங்க் ஒடுங்குகிறது

"டம்" என்று தகடு உள்வாங்கும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வென்ட் அடைத்திருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் குளவிக் கூடு, இல்லையென்றால் மழைக்காகக் கட்டிய துணியோ பாலித்தீனோ. வாயில் துருப்பிடிக்காத கம்பி வலை போட்டு, மாதம் ஒரு முறை ஊதிப் பாருங்கள். அளவும் முக்கியம்: நிரப்பும் லைன், உறிஞ்சும் லைன் இரண்டில் எது பெரியதோ அதற்குக் குறையாத வென்ட் வேண்டும், எப்படியும் 1¼ இன்ச்சுக்குக் கீழே போகக்கூடாது. லாரி இழுப்பது 2 இன்ச் என்றால் வென்ட்டும் 2 இன்ச்.

மாலையில் காலியாக விட்ட பிட் தொட்டியில் காலையில் ஆயில் நிற்கிறது

சைஃபன், அதாவது பைப் நிரம்பியிருப்பதால் ஆயில் தானாகவே தாழ்வான பக்கம் இழுபடுவது. நிரப்பும் பைப் டேங்க்கின் மேலிருந்து நுழைந்தாலும், தெறிக்காமல் இருக்க அதை அடிவரை இறக்கியிருப்பார்கள். பம்ப்பின் பால்களில் அழுக்கு ஒட்டி முழுக்க மூடாவிட்டால், ஆயில் வந்த வழியே இரவெல்லாம் திரும்பும். பிட் தொட்டி சிறியது. நிரம்பினால் பிட் முழுக்க ஆயில்.

டேங்க்குக்குள் இறங்கும் பைப்பில், மேல்தகட்டுக்குச் சற்றுக் கீழே 6 மி.மீ. துளை ஒன்று வேண்டும். அதன் வழியாகக் காற்று நுழைந்து சைஃபன் உடையும். பைப்பை வெளியே எடுத்துத் துளையிடுங்கள், டேங்க் மேல் வைத்து அல்ல. கூடவே டெலிவரி லைனில், ஆயிலைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று. நிரப்பும் பைப் டேங்க்கின் அடியில் சேர்ந்திருந்தால் துளையால் பயனில்லை. லைனையே மேலே மாற்றுவதுதான் வழி.

தடுப்புச் சுவருக்குள் திரவம் நிற்கிறது

சுவர் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதற்கு நடைமுறையில் உள்ள அளவு, உள்ளே இருக்கும் பெரிய டேங்க்கின் 110 சதவீதம். நம் கணக்கில் 2,200 லிட்டர். 2.4 × 3 × 0.4 மீட்டர் சுவர் 2,880 லிட்டர் பிடிக்கும். போதுமே என்று தோன்றும். கூரையில்லாமல் ஒரே நாளில் 100 மி.மீ. மழை பெய்தால் 720 லிட்டர் தண்ணீர் சேரும், மிச்சம் 2,160. அளவு குறைந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் கடலோர மாவட்டங்களில் இது அபூர்வமல்ல. இடமிருக்கிறதே என்று 200 லிட்டர் பேரல்களை உள்ளே அடுக்கினால், ஒவ்வொரு பேரலும் சுமார் 100 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். கூரை போடுங்கள், பேரலை வெளியேற்றுங்கள்.

நிற்பது எது என்று முதலில் பாருங்கள். வெறும் மழைத் தண்ணீரா, மேலே எண்ணெய்ப் படலமா, முழு ஆயிலா? படலம் இருந்தால் கால்வாயில் திறந்துவிடுவது கூடவே கூடாது. ஆயிலை மட்டும் உறிஞ்சும் வெள்ளைப் பாலிபுரோப்பிலீன் பேட் தண்ணீரில் மிதந்து படலத்தை எடுக்கும். அடியிலிருந்து தண்ணீரைப் பம்ப்பில் எடுத்து ஆயில் பிரிப்புத் தொட்டிக்கு அனுப்பி, கடைசி 3 செ.மீ. வரும்போது நிறுத்துங்கள். அந்த மிச்சம் தனிப் பேரலில், ஆயில் கலந்த தண்ணீர் என்று எழுதி. கழிவு ஆயில் டேங்க்கில் சேர்க்காதீர்கள்.

சுவரின் அடியில் வடிகால் வால்வு இருந்தால் அது எப்போதும் மூடிப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும். மழைத் தண்ணீர் தானாகப் போகட்டும் என்று திறந்து வைத்த சுவர் இல்லாத சுவருக்குச் சமம். புதிதாகக் கட்டுபவர்களுக்கு: வடிகாலே வைக்காதீர்கள், மூலையில் ஒரு சின்னக் குழி போதும், கைப் பம்ப்பால் எடுக்கலாம்.

உள்ளே நின்ற ஆயில் குறைகிறது, அல்லது வெளிச்சுவரில் கறை

சுவர் கசிகிறது. உள்ளே சுத்தம் செய்து 30 செ.மீ. தண்ணீர் நிரப்பிக் கோடு போடுங்கள். வெயிலில் ஆவியாவதைக் கழிக்க, ஒரு பக்கெட்டில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போட்டு உள்ளேயே நிறுத்துங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டிலும் இறங்கியதை ஒப்பிடுங்கள். பக்கெட்டைவிடச் சுவருக்குள் 5 மி.மீ. கூடுதலாக இறங்கியிருந்தால் ஒரு நாளில் 36 லிட்டர் வெளியே போயிருக்கிறது.

முதல் சந்தேகம் சுவரைத் துளைத்துப் போகும் பைப்பின் மேல். பைப் அதிரும், விரியும்; சுற்றிப் பூசிய சிமென்ட் விட்டுப்போகும். பைப்பைச் சுவரின் மேலாக ஏற்றி இறக்குங்கள், துளையைச் சுருங்காத கிரவுட் போட்டு அடையுங்கள். அடுத்தது தரையும் சுவரும் சேரும் மூலை. உள்ளீடற்ற சிமென்ட் பிளாக்கில் கட்டியிருந்தால் வெறும் பூச்சு போதாது, உட்புறம் முழுக்க ஆயில் தாங்கும் எபாக்சி வேண்டும். பூசும் முன் ஆயில் கறையைச் சுரண்டி எடுக்காவிட்டால் எபாக்சி தோலாக உரியும்.

சுவர் கசியவில்லை, உள்ளேயும் ஒன்றும் நிற்கவில்லை, ஆனால் வெளியே தரையில் மட்டும் ஆயில் சிதறியிருக்கிறதா? டேங்க்கின் நடு உயரத்தில் ஒரு ஊசித்துளை விழுந்தால் ஆயில் நேராகக் கீழே விழாது, பீய்ச்சி அடிக்கும். நம் அமைப்பில் நிரம்பிய டேங்க்கிலிருந்து அது சுவர் மட்டத்துக்கு இறங்குவதற்குள், கணக்குப்படி 1.2 மீட்டர் தூரம்வரை போகலாம். சுவரோ 60 செ.மீ.யில் நிற்கிறது. கெட்டி ஆயில் அவ்வளவு போகாது என்றாலும் சுவரைத் தாண்டப் போதும். டேங்க்குக்கும் சுவருக்கும் நடுவே தகட்டு மறைப்பு நிறுத்தினால் பீய்ச்சல் அதில் பட்டு உள்ளேயே வடியும். ஃபிளாஞ்ச், வால்வு எல்லாம் சுவருக்கு உட்புறமாகவே இருக்கட்டும். லாரி ஹோஸ் மாட்டும் வாயும்கூட.

வெள்ள எச்சரிக்கை வந்திருக்கிறது

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னைப் புறநகரான முடிச்சூரில் பார்த்தவர்களுக்குத் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் வெள்ளத்தோடு கலந்து பரவிய எண்ணெய், மீனவர்களின் வலையையும் படகையும் என்ன செய்தது என்பதும் கண்முன் இருக்கிறது.

காலி டேங்க் மிதக்கும். நம் டேங்க்கின் எடை சுமார் 350 கிலோ. 350 லிட்டர் தண்ணீரை இடம்பெயர்த்தால் போதும், எழும்பிவிடும். அதாவது தரையிலிருந்து 67 செ.மீ. தண்ணீர். எழும்போது பைப் இணைப்புகளை ஒடித்துக்கொண்டு போகும். தாங்கியை ஆங்கர் போல்ட்டால் கான்கிரீட்டில் பிடித்து, டேங்க்கைத் தாங்கியோடு பட்டை போட்டு இறுக்குங்கள். மழைக்கு முன்பே லாரி கூப்பிட்டு ஆயிலைக் கொடுத்துவிடுங்கள். அதன்பின் வால்வுகள் எல்லாம் மூடி, டிப் மூடியை இறுக்கி, வென்ட்டின் வாய் முந்தைய வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். போல்ட் போடாத டேங்க்கைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போனால் அதுதான் முதலில் மிதக்கும்.

தரையில் கொட்டிவிட்டது

முதலில் மூலத்தை நிறுத்துங்கள், அடுத்து சாக்கடை வாயை அடையுங்கள், அதன்பிறகே துடைப்பது. பலரும் துடைப்பத்தை முதலில் எடுத்துத் தண்ணீரை அடிக்கிறார்கள். ஆயில் நேரே கால்வாய்க்குப் போகிறது. மணல் மூட்டையோ உறிஞ்சும் உருளையோ சாக்கடை வாய்க்கு இரண்டு எட்டுத் தூரத்திலேயே தயாராக இருக்கட்டும். களிமண் துகளைத் தூவி, பிரஷ்ஷால் தேய்த்து, ஊறியபின் அள்ளுங்கள். மரத்தூளும் உறிஞ்சும், ஆனால் எரியும். அதை மூட்டையாக மூலையில் வைக்காதீர்கள்.

சோப்புத் தூளோ டிகிரீஸரோ போட்டுக் கழுவினால் ஆயில் பால்போல் தண்ணீரில் கரைந்து, மூன்று அறைப் பிரிப்புத் தொட்டியைத் தாண்டிப் போய்விடும். தொட்டியின் கடைசி அறையில் வானவில் படலம் தெரிந்தால், முதலில் இந்தப் பழக்கத்தைத்தான் விசாரிக்க வேண்டும். அடுத்து, அறைகளுக்கிடையே கீழ்நோக்கி வளைந்த பைப் விழுந்திருக்கிறதா, முதல் அறையில் சேறு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

எடுக்க வந்தவர் ஆயிலை வேண்டாம் என்கிறார்

தண்ணீர் கலந்திருக்கும், அல்லது கூலன்ட், தின்னர். எஞ்சின் ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், நாள்கணக்கில் வைத்தாலும் முழுக்க அடியில் இறங்காது. திறந்த இடத்தில், கண்ணாடி அணிந்து, மின்சார ஹாட் பிளேட்டை 130 டிகிரிக்கு மேல் சூடாக்கி இரண்டு சொட்டு விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர். பெட்ரோல் வாடை வந்தால் இந்தச் சோதனை வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் டிப் மூடி, ஆயில் ட்ரே மழையில் கிடந்தது, கூலன்ட்டும் அதே ட்ரேயில் பிடித்தது. ட்ரேக்களுக்கு வேறு வேறு நிறம் அடித்துவிடுங்கள்.

வாங்க மறுத்த ஆயிலை சென்ட்ரிங் பலகைக்கும் செங்கல் சூளைக்கும் கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் கழிவு ஆயில் 5.1 என்ற எண்ணில் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவருக்குத்தான் கொடுக்கலாம். சேமிக்கும் காலம் பொதுவாக 90 நாள். இருப்புப் பதிவு படிவம் 3இல், பேரல் லேபிள் படிவம் 8இல், லாரியோடு போகும் மேனிஃபெஸ்ட் படிவம் 10இல். டிப் ஸ்டிக்கில் அளந்ததும் மேனிஃபெஸ்டில் எழுதியதும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். 50 லிட்டர் குறைந்தால், அது லாரியில் போகவில்லை என்றால், தரைக்குள்தான் போயிருக்கிறது. மேலே சொன்ன 24 மணி நேரச் சோதனையை அன்றே தொடங்குங்கள்.